அடைப்புக்குறிக்குள் இருந்த வரி

முதலில் என் கையெழுத்துக்கும் பிழைகளுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவன். சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் தமிழ் வகுப்பு அதோடு முடிந்துவிடும். மேலே படிக்கத் தெலுங்குப் பள்ளிக்கூடத்துக்கு நடக்க வேண்டும். நைனா, அதாவது என் அப்பா, அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை. றகரம் எங்கே, ரகரம் எங்கே என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இதை டைப் அடிக்கிறவர் திருத்திப் போட்டிருந்தால் அவருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

எழுத உட்கார்ந்தபோது எதிரில் ஒரு தாளை வைத்துக்கொண்டேன். அதில் நீலப் பால்பாயிண்ட் பேனாவால் வரைந்த ஒரு மாங்காய் இருக்கிறது. மூக்கு வளைந்த மாங்காய், சித்தூர்ப் பக்கம் ஆனி மாதத்தில் லாரி லாரியாகப் போகுமே, அது மாதிரி. அதை வரைந்தது மனிதக் கை இல்லை. இரும்பை வெட்டுகிற ஒரு பெரிய மெஷின் வரைந்தது. அந்த மெஷினை அப்படி வரைய வைத்தவர் மெஷினுக்குக் கட்டளை வரிகள் எழுதுகிற எங்கள் ப்ரோகிராம் மேடம். அவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். என்னைப் பற்றியும் எழுதாமல் இருக்க முடியாது.

ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அப்போது நான் ஹெல்பர். மெஷின் இரும்பை வெட்டும்போது சுருள் சுருளாகப் பிசிறு விழும். அதை அள்ளி டிரம்மில் கொட்டுவதும் எண்ணெய் துடைப்பதும் என் வேலை. வெட்டுகிற கருவிக்கு டூல் என்று பெயர், வெட்டுப்படுகிற இரும்புக்கு ஜாப் என்று பெயர். உள்ளே போன முதல் வருடம் எனக்குத் தெரிந்தது இந்த இரண்டு வார்த்தைதான். எங்களிடம் இருந்த இரண்டு மெஷினும் வெளிநாட்டில் யாரோ ஓட்டி முடித்து விற்றவை. அவற்றுக்கென்று ஒரு தனிப் பாஷை உண்டு. மற்ற மெஷின்களில் பழகினவர்கள் வந்து பார்த்துவிட்டு, இது வேறு மாதிரி இருக்கிறது என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். புத்தகமும் கூட வரவில்லை.

மேடம்தான் அந்தப் பாஷையை ஒவ்வொரு வரியாகத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். அவருக்குச் சித்தூர், மிஷன் சர்ச்சுக்குப் பக்கத்தில் வீடு, டிப்ளமோ படித்தவர். என்னைவிட மூன்று நான்கு வயது சின்னவர். நாங்கள் மேடம் என்போம், அவர் எங்களை அண்ணா என்பார். தான் கண்டுபிடித்ததை அவர் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. சின்னச் சின்ன ப்ரோகிராம்களாக எழுதி, ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் ஒட்டி, எண்ணெய் படாமல் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மெஷின் பக்கத்தில் ஆணியில் மாட்டினார். அதற்கு சாம்பிள் என்று பெயர். சதுரம் ஒன்று, வட்டம் ஒன்று, படிக்கட்டு ஒன்று, மாங்காய் ஒன்று. எதுவும் பத்து வரியைத் தாண்டாது. பதினோராவது வரி வந்தால் அதைக் கிழித்துவிட்டு வேறு எழுதுவார். "பத்து வரிக்கு மேல போச்சுன்னா அது சாம்பிள் இல்லண்ணா, பரீட்சை" என்பார்.

அந்த சாம்பிள்களை ஓட்டிப் பார்க்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். டூல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பால்பாயிண்ட் பேனாவைச் செருகிவிடுவார். ஜாப் இருக்க வேண்டிய மேஜையில் ஒரு வெள்ளைத் தாளை டேப் போட்டு ஒட்டுவார். டூலைச் சுழற்றுகிற மெஷின் தலை அப்போது சுழலாது. பேனா இறங்கித் தாளைத் தொட்டு, எழுதின பத்து வரிப்படி நகர்ந்து கோடு போடும். தப்பாக எழுதினால் கோடு கோணலாகப் போகும், அவ்வளவுதான். எதுவும் உடையாது, யாருக்கும் அடிபடாது. முதல் தடவை அதைப் பார்த்தபோது எங்கள் செட்டில் ஒருவன் சிரித்துவிட்டான்.

"இன்னா மேடம், இம்மாம் பெரிய மெஷினுக்கு ரீபிள் போட்டுக்கினு கீறீங்க."

"அதுவும் மொதல்ல ஆனா ஆவன்னா எழுதணும் இல்லண்ணா" என்றார் மேடம். அவன் அடங்கிப் போனான்.

ஒரு நாள் மத்தியானம் பிசிறு அள்ளிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, சதுர அட்டையைக் கையில் கொடுத்து, பட்டனைப் பார்த்து அடிக்கச் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது, ஆனால் பெரிய எழுத்துகளை உருவம் பார்த்து எழுதுவேன். எண்கள் தெரியும். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன். பச்சைப் பட்டனை அமுக்கினேன். பேனா இறங்கிற்று. நான்கு பக்கம் போய், ஆரம்பித்த இடத்துக்கே திரும்பி வந்து நின்றது. என் பேச்சை வீட்டில் மாடே கேட்காது, இந்த மெஷின் கேட்டதே என்று நினைத்தேன். அன்றையிலிருந்து சாப்பாட்டு இடைவேளையில் பாதி நேரம் அந்த அட்டைகளோடுதான் கழிந்தது. இந்த மாங்காய் அப்படி ஒரு நாள் வந்ததுதான்.

ஒவ்வொரு அட்டையிலும் முதல் வரி அடைப்புக்குறிக்குள் இருக்கும். மேடம் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லியிருந்தார்: "பிராக்கெட்டுக்குள்ள இருக்கிறத மெஷின் படிக்காது, தாண்டிப் போயிடும். அது மனுஷனுக்கு." நான் அதைக் கேட்டுக்கொண்டேன். மனுஷன் என்றால் படித்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். அது இங்கிலீஷில் இருந்தது. மெஷினும் படிக்காது, நானும் படிக்க மாட்டேன், பிறகு எதற்கு என்று அந்த வரியை அடிக்காமலே விட்டுவிடுவேன். மாங்காய் அழகாகத்தான் வரும். ஒரு தடவைகூட அந்த வரி இல்லாததால் எதுவும் கெட்டுப்போகவில்லை. அதனால் அது தேவையில்லாத வரி என்று என் மனதில் ஆணி அடித்த மாதிரி பதிந்துவிட்டது.

என் மனைவியின் தம்பி, என் மச்சான், அப்போது திருப்பதிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தான். அங்கேயும் எங்கிருந்தோ இதே மாதிரி மெஷின் ஒன்றை வாங்கிப்போட்டார்கள். ஓட்டத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஊருக்கு வந்திருந்தபோது மச்சான் கேட்டான்.

"மாமா, உங்க மேடம் சுளுவா எதோ எழுதி மாட்டிக்கிறாங்கன்னியே. அதுல நாலு எனக்குக் குடேன். மொதலாளி முன்னால ஓட்டிக் காட்டினா என்னையே ஆபரேட்டரா போட்டுடுவாரு."

எனக்குப் பெருமையாக இருந்தது. ஒருவர் என்னிடம் வந்து படிப்பு சம்பந்தமாக ஒன்றைக் கேட்பது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எங்கள் கம்பெனியில் போனை கேட்டிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும், அட்டையைப் போட்டோ எடுக்க முடியாது. அதனால் மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து நான்கு சாம்பிளையும் நோட்டில் பார்த்து எழுதினேன். அடைப்புக்குறி வரிகளை எழுதவில்லை. கேட்டுக்கு வெளியே வந்து போட்டோ எடுத்து அனுப்பினேன். மேடத்திடம் கேட்டிருந்தால் அவரே கொடுத்திருப்பார் என்று இப்போது தெரிகிறது. அப்போது கேட்கக் கூச்சம். மச்சான் போன் செய்து, "வேற எதுனா பண்ணணுமா மாமா" என்றான். நான் சொன்ன பதில் எனக்கு ஒரு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது.

"ஒண்ணும் இல்ல மச்சான். அப்படியே அடிச்சி ஓட்டு. மாங்கா வரும்."

பேனா என்று நான் சொல்லவே இல்லை. மறைக்கவில்லை. நான் அந்த சாம்பிள்களைப் பேனா இல்லாமல் பார்த்ததே இல்லை. தண்ணீர் குடிக்க வாயைத் திறக்க வேண்டும் என்று யாராவது சொல்லுவார்களா, அது மாதிரி.

மச்சான் இரும்பில் மாங்காய் வரும் என்று எண்ணிக்கொண்டான். மேஜைமேல் ஒரு கனத்த இரும்புத் துண்டை வைத்துக் கட்டினான். டூலை மாட்டினான். முதலாளியைக் கூப்பிட்டான். பேனாவுக்காக எழுதிய ப்ரோகிராமில் தலையைச் சுழலச் சொல்லும் வரி இருக்காது. சுழலாத டூல் முழு வேகத்தில் இரும்புக்குள் இறங்கியது. உடைந்து தெறித்த துண்டு மச்சானின் இடது கண்ணில் பாய்ந்தது.

எனக்குச் செய்தி வந்தது பஸ் ஸ்டாண்டில். பட்டறைக்காரர் ஒருவர் போனில் தெலுங்கில் பேசினார். மாமிடிகாய என்று மாங்காயின் தெலுங்குப் பெயர் வந்ததும் எதனால் நடந்தது என்று புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் பேசினது எதுவும் காதில் ஏறவில்லை. திருப்பதி ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸில் போனேன் என்று இன்று வரை தெரியவில்லை. என் மனைவி முன்னாலேயே வந்திருந்தாள். மச்சான் கட்டுப் போட்ட முகத்தோடு படுத்திருந்தான். அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் என் கையைத் தடவிப் பிடித்துச் சொன்னான்.

"உன் பேர சொல்லல மாமா. அந்தப் பொம்பள பேரத்தான் சொல்லிக்கிறேன். எழுதினது அவதான."

நான் சரி என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னது என் வாய்தான்.

பட்டறை முதலாளி எங்கள் கம்பெனிக்கு வந்துவிட்டார். எங்களை எல்லாம் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். மேனேஜர், அவர் கொண்டுவந்த என் நோட்டின் போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்திருந்தார். என் எழுத்து அவ்வளவு பெரிதாக இருந்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு எழுத்தும் நொண்டிக்கொண்டு நின்றது. மேடம் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, தேடாமல், நேராக என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை.

"செப்பண்டி மேடம், சொல்லுங்க. இது நீங்க எழுதினதா?" என்றார் மேனேஜர்.

"நான் எழுதின ப்ரோகிராம்தான் சார்."

"வெளிய எப்படிப் போச்சு?"

மேடம் அந்தப் பிரிண்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். மேனேஜர் மறுபடியும் கேட்டார். "எழுதினது நான். அதுக்கு மேல எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல சார்" என்றார் மேடம். நான் வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே நின்றேன். பக்கத்தில் நின்றவன் என் முகத்தைப் பார்த்து, "இன்னாண்ணா, ஜொரமா" என்று காதோடு கேட்டான். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அந்த வாரமே மேடத்தை அனுப்பிவிட்டார்கள். அவர் ஆணியில் மாட்டியிருந்த அட்டைகளைக் கழற்றவில்லை, அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். மேடம் போனதும் அந்த மெஷினை ஓட்ட ஆள் இல்லை. அட்டைகளைப் பார்த்து அடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், வேலைக்கான ப்ரோகிராம்கள் மேடம் ஏற்கெனவே மெஷினில் ஏற்றி வைத்தவை. என்னை ஆபரேட்டராக்கினார்கள். மச்சான் ஆசைப்பட்ட பெயர் எனக்குக் கிடைத்தது. மச்சான் வேலையை விட்டு, புத்தூரில் பஞ்சர் கடை போட்டான். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்க்கும்போது முகத்தை முழுக்க இடப்பக்கம் திருப்பித்தான் பார்க்கிறான். வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் தம்பி பேச்சு வந்தால் என் மனைவி மேடத்தைத் திட்டுவாள். "எந்த நேரத்துல அந்தப் பொம்பள அத்த எழுதினாளோ. அவ கண்ணு நல்லாதான இருக்கும்" என்பாள். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். ஆறு வருடம் இப்படியே போயிற்று.

இந்த வருடம் மெஷின் ஒன்று படுத்துவிட்டது. ரிப்பேர் பார்க்கச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். வேலை முடிந்து கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்றபோது அவர் போனை எடுத்துக் காட்டினார். "இந்தப் பாஷைக்கு எங்கயும் ஒண்ணும் கிடைக்காதுங்க. சித்தூர்ல ஒரு லேடி மட்டும் சின்னச் சின்ன சாம்பிளா எழுதி நெட்ல போட்டுக்கிட்டே இருக்காங்க. பத்து வரிதான் இருக்கும். அடிச்ச உடனே ஓடும். எந்தெந்த ஊர்க்காரனோ எடுத்து ஓட்டுறான்."

சதுரம். வட்டம். படிக்கட்டு. அவர் விரலால் தள்ளத் தள்ள ஒவ்வொன்றாக வந்தது. மாங்காயும் இருந்தது. அதன் மேலே, அடைப்புக்குறி வரிக்குப் பக்கத்தில், இங்கிலீஷிலும் தெலுங்கிலும் தமிழிலும் எழுதியிருந்தது. தமிழை நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"பேனா மட்டும். டூல் வைக்காதீர்கள். ஜாப் வைக்காதீர்கள். இந்த வரியை முன்பு நான் இங்கிலீஷில் மட்டும் எழுதி வைத்தேன். யார் படிப்பார்கள் என்று யோசிக்கவில்லை. ஒருவருக்குக் கண் போயிற்று. தவறு என்னுடையது."

அந்த வரியில் இருந்தது பேனா மட்டும் என்பதுதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆறு வருடமாகத் தினமும் அந்த அட்டைக்கு எதிரில் நின்றிருக்கிறேன். ஒருவரிடமாவது, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதில்லை. கேட்டால் படிக்கத் தெரியாது என்று தெரிந்துவிடும். ஆபரேட்டர் ஆன பிறகு கேட்பது இன்னும் கஷ்டம். மேடம் எழுதின சாம்பிளில்தான் ஏதோ கோளாறு என்று நானும் பாதி நம்பிவிட்டேன். நம்புவது வசதியாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தூருக்குப் போனேன். வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. சர்ச் விட்டு அப்போதுதான் வந்திருந்தார் போலிருக்கிறது, கையில் பைபிள் இருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றார். "வாங்கண்ணா" என்றார். நாற்காலி போட்டார். நான் உட்காராமல், வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஆரம்பித்தேன். இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை.

"தெரியும்ணா" என்றார். "நாலுங்கிற எண்ண நீங்க போடுற விதத்தப் பாத்த உடனே தெரிஞ்சிது. வேற யாரும் அப்படிப் போட மாட்டாங்க."

"அப்ப ஏன் மேடம் சொல்லல?"

"சொல்லியிருந்தா உங்க வேலையும் போயிருக்கும். எப்படியும் என்னை அனுப்பத்தான் போறாங்க. எதுக்கு ரெண்டு பேர்னு நெனச்சேன்." கையிலிருந்த பைபிளை மேஜைமேல் வைத்தார். "பெரிய மனசுன்னு நெனச்சிக்காதீங்கண்ணா. கோவம் இருந்துச்சு. நீங்களா ஒரு நாள் போன் பண்ணுவீங்கன்னு ஒரு மாசம் பாத்தேன். அப்புறம் பாக்கிறத விட்டுட்டேன்."

என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அவர் காத்திருந்த அந்த ஒரு மாதத்தில்தான் நான் புது ஆபரேட்டர் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன்.

"தப்பு என்னுதுன்னு எழுதியிருக்கீங்களே மேடம். வரிய விட்டது நான்தான்."

"அந்த மெஷின்ல தமிழ் ஏறாது, சரி. அட்டையில ஏறுமில்ல? உங்களுக்குப் படிக்க வராதுன்னு எனக்குத் தெரியும்ணா. தெரிஞ்சிதான அடிக்கச் சொல்லிக் குடுத்தேன். அந்த ஒரு வரிய மட்டும் படிச்சவங்களுக்கு எழுதி வச்சேன்." பிறகு கேட்டார், "உங்க மச்சானுக்குத் தெரியுமா, இப்படி ஒரு வரி இருந்துச்சுன்னு?"

தெரியாது என்றேன்.

"அப்ப அவரு இன்னும் என்னைத்தான் திட்டிக்கிட்டு இருப்பாரு."

கிளம்பும்போது மேடம் சொன்னார், "எங்கிட்ட சொல்லி என்ன பண்றதுண்ணா. அந்த மாங்கா சாம்பிள இன்னும் எவ்வளவோ பேர் எடுத்து ஓட்டுறாங்க. என்ன நடந்துதுன்னு உங்க கையால எழுதிக் குடுங்க. அதுக்குக் கீழயே போடுறேன். ஆனா வீட்ல சொல்லிட்டு எழுதுங்க."

மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். இன்றைக்குக் காலையில் மச்சானை வீட்டுக்கு வரச் சொன்னேன். அவனையும் என் மனைவியையும் உட்கார வைத்து, பென்சிலால் கிறுக்கி வைத்திருந்ததை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். முடிந்ததும் மச்சான் நல்ல கண்ணால் என்னையே வெகுநேரம் பார்த்தான்.

"பேனாவா மாமா" என்றான். "வெறும் பேனாவா."

ஆமாம் என்றேன்.

"அப்ப இத்தினி வருஷமா நான் யாரத் திட்டிக்கினு இருந்தேன்?" என்று கேட்டான். எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு புத்தூருக்குப் போய்விட்டான். சாப்பிடவில்லை.

என் மனைவி எழுந்திருக்கவில்லை. உலையில் சோறு கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவங்கள நான் திட்டறப்பல்லாம் எதிர்ல குந்திக்கினு துன்னியே. எப்பிடிய்யா உனக்குத் தொண்டைல எறங்குச்சி?"

மத்தியானத்திலிருந்து உட்கார்ந்து இதை நல்லபடி எழுதி முடித்தேன். இந்தக் கடைசி நாலு வரி மட்டும் பிறகு தாளின் பின்பக்கத்தில் சேர்த்தது. எழுதின தாள்களை அவள் பக்கத்தில் வைத்து, சித்தூருக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். தாள்களை எடுத்து ஒழுங்காக அடுக்கி, நான்காக மடித்து, என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை